தோட்டத்துக்கு ஒரு எஃப்.எம்.இ.ஏ.: எந்தப் பூச்சிக்கு எவ்வளவு பயப்படலாம்?

டி.க்யூ.எம். பேப்பர்ல எஃப்.எம்.இ.ஏ.ன்னு ஒரு டாபிக் வரும். ஃபெயிலியர் மோட் அண்ட் எஃபெக்ட்ஸ் அனாலிசிஸ். எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணி, அடுத்த நாள் சாயங்காலம் மறந்துபோற டாபிக். இந்தக் கட்டுரையில அதை பம்ப்புக்கோ பிரேக்குக்கோ போடப் போறதில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நம்ம வீடுகளோட பின்கட்டுல இருக்கிற தோட்டத்துக்குப் போட்டுப் பார்க்கப் போறோம்.

ஏன் தோட்டத்துக்கு? லாக்டவுனுக்கு அப்புறம் நம்ம பக்கம் மாடித் தோட்டம், வீட்டுத் தோட்டம் போடுறவங்க கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு வந்துட்டாங்க. ஆனா ஆரம்பிச்ச வேகத்துலயே விட்டவங்களும் நிறைய. காரணம் கேட்டா தண்ணி, வெயில்னு சொல்வாங்க. கொஞ்சம் தோண்டிக் கேட்டா உண்மை வெளிய வரும். "கத்திரிச் செடி கீழ ஏதோ நெளிஞ்சுது", "தொட்டியத் தூக்கினா பூரான் ஓடுது", "அந்தப் பக்கம் பாம்பு வரும்னு அம்மா விடல". இதுல கிண்டல் பண்ண ஒண்ணும் இல்லை. பயம் நியாயமான விஷயம்தான். ஆனா அது சரியான இடத்துல இருக்கான்னு பார்க்கணும். தப்பான இடத்துல இருந்தா ரெண்டு நஷ்டம்: நமக்கு உதவுற உயிர் செத்துப்போகும், நம்மைக் கொல்லக்கூடியது கண்ணுக்குப் படாம பக்கத்துலயே இருக்கும்.

முதல்ல பாடம்: மூணு நம்பர்

எஃப்.எம்.இ.ஏ. அமெரிக்க ராணுவத்துல பிறந்தது. 1949ல எம்.ஐ.எல்.-பி-1629ன்னு ஒரு செயல்முறை ஆவணமா வந்தது. அப்புறம் அப்போலோ விண்வெளித் திட்டத்துல பயன்பட்டு, கார் கம்பெனிகளுக்குப் போய், கடைசியா நம்ம சிலபஸுக்கு வந்து சேர்ந்தது. ஐடியா சிம்பிள். ஒரு பொருள் எப்படியெல்லாம் கெட்டுப்போகலாம்னு முன்கூட்டியே லிஸ்ட் போடு. ஒவ்வொண்ணுக்கும் 1லிருந்து 10 வரை மூணு மார்க் கொடு.

தீவிரம்: நடந்தா எவ்வளவு பெரிய பாதிப்பு? 10ன்னா உயிர் போகும்.

வாய்ப்பு: எவ்வளவு அடிக்கடி நடக்கும்? 10ன்னா கிட்டத்தட்ட தினமும்.

மறைவு: நடக்கிறதுக்கு முன்னாடியோ நடந்த உடனேயோ கண்டுபிடிக்க முடியுமா? இங்கதான் நிறைய பேர் எக்ஸாம்ல குழப்பிக்கிறாங்க. சுலபமா கண்டுபிடிக்க முடிஞ்சா 1, கண்டுபிடிக்கவே முடியலைன்னா 10. அதாவது நம்பர் ஏற ஏற விஷயம் மோசம்.

மூணையும் பெருக்கினா ஆர்.பி.என்., அதாவது ரிஸ்க் பிரையாரிட்டி நம்பர். அதிகபட்சம் 1000. எது பெருசோ அதை முதல்ல சரி பண்ணு.

இப்போ மனுஷ மனசு எப்படிக் கணக்குப் போடுதுன்னு பாருங்க. அதுக்கு மூணு நம்பர் எல்லாம் கிடையாது. கால் எத்தனை, வழவழன்னு இருக்கா, வேகமா ஓடுதா, முடி இருக்கா, இதை வெச்சே தீவிரத்துக்கு 10 போட்டுடும். மறைவுங்கிற கட்டத்தைத் தொடவே தொடாது. நம்ம தோட்டத்துல உயிரை எடுக்கிற விஷயங்கள் பெரும்பாலும் அந்த மூணாவது கட்டத்துலதான் ஒளிஞ்சிருக்கு. இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது இந்த ஒண்ணுதான்.

பேர் கெட்டுப்போனவங்க

முதல்ல அரணை. "அரணை கடிச்சா மரணம்"னு எங்க ஆயா சொல்லும்போது அதுல சந்தேகமே இருக்காது. அப்போ ஏன் யாரும் சாகலைன்னு கேட்டாலும் பதில் ரெடி. அரணை கடிக்கத்தான் வருமாம், வர்ற வழியில எதுக்கு வந்தோம்னு மறந்துடுமாம். அதனாலதான் மறதிக்காரங்களை "அரணை புத்தி"ன்னு சொல்றோம். கதை அழகாத்தான் இருக்கு. ஆனா அரணைக்கு விஷமே கிடையாது. அது பூச்சி தின்னுற ஒரு பல்லி வகை. ஒரு விஷயம் எப்பவுமே நடக்காம இருக்கும்போது, அதுக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சு நம்பிக்கையைக் காப்பாத்திக்கிறோம்.

அடுத்து கொம்பேறி மூக்கன். கடிச்சுட்டு மரத்துல ஏறி உட்கார்ந்து, சுடுகாட்டுல புகை வருதான்னு பார்த்துட்டுத்தான் இறங்கும்னு சொல்வாங்க. உண்மையில அது மெலிசா, வெண்கல நிறக் கோடு போட்ட, விஷமில்லாத மரப்பாம்பு. பல்லி, ஓணான், தவளை சாப்பிடும். மரத்துல ஏறுறதுக்குக் காரணம், அதோட சாப்பாடும் வீடும் அங்கதான் இருக்கு.

பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும்னு நம்பி அதுக்கு கண்கொத்திப் பாம்புன்னே பேர் வெச்சாச்சு. இதுக்கு லேசான விஷம் உண்டு, அதுவும் பின்பல்லுல. கடிச்சா அந்த இடம் வீங்கலாம். மனுஷ உயிருக்கு ஆபத்தானதா அது கருதப்படலை. கண்ணை டார்கெட் பண்ற பழக்கமும் அதுக்கு இல்லை.

மண்ணுளிப் பாம்பு நக்கினா குஷ்டம் வரும்னு ஒரு பேச்சு. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால வர்றது, பாம்பு நாக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. இதே இனத்துல ஒண்ணை "இருதலைப் பாம்பு"ன்னு சொல்லி, லட்சக்கணக்குல விலை போகும்னு ஏமாத்துற கும்பல் பத்தி நியூஸ் அடிக்கடி வரும். அதைப் பிடிச்சு வெச்சாலோ வித்தாலோ 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல கேஸ்.

தேரையும் பாவம். காய்க்குள்ள பருப்பு இல்லாத தேங்காயை "தேரை மோந்தது"ன்னு சொல்வோம். மகரந்தச் சேர்க்கை சரியா நடக்காதது, போரான் மாதிரி சத்துக் குறைபாடு, இதெல்லாம்தான் அதுக்குக் காரணமா வேளாண் துறை சொல்றது. தேரை ராத்திரி முழுக்க நம்ம செடியைத் தின்னுற பூச்சிகளைத் தின்னுட்டு இருக்கும். அதுக்குச் சம்பளமும் இல்லை, நல்ல பேரும் இல்லை.

மரவட்டைக்குக் கால் நிறைய, அவ்வளவுதான் குத்தம். மக்கின இலையைத் தின்னு உரமாக்குற வேலையைச் செய்யுது. தொட்டா ஒரு நாத்தமான திரவம் விடும். அந்தக் கையோட கண்ணைத் தேய்க்காம இருந்தா போதும்.

இந்த லிஸ்ட்ல ரொம்ப முக்கியமானது சாரைப்பாம்பு. ஆறேழு அடிக்கு வளரும், வேகமா ஓடும், பார்த்தாலே குலை நடுங்கும். விஷம் இல்லை. ரெண்டு பாம்பு பின்னிக்கிட்டு எழும்பி நிக்கிறதைப் பார்த்து "சாரையும் நல்லபாம்பும் சேருது"ன்னு சொல்வாங்க. பெரும்பாலும் அது ரெண்டு ஆண் சாரை பலப்பரீட்சை பண்றது. சாரையோட முக்கியமான சாப்பாடு எலி. இதை மனசுல வெச்சுக்கோங்க, கணக்குல திரும்ப வரும்.

நியாயமா பயப்பட வேண்டியவங்க

கம்பளிப்பூச்சி: முருங்கை மரம் இருக்கிற வீட்டுல எல்லாருக்கும் தெரியும். மரத்தண்டுல கூட்டமா அப்பிக்கிட்டு இருக்கும். அதோட முடி ஒவ்வொண்ணும் குட்டி ஊசி. பட்டா அரிப்பு, தடிப்பு. தேய்க்கக் கூடாது, தேய்ச்சா முடி இன்னும் உள்ள போகும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தா முடி வந்துடும், அப்புறம் சோப்பு போட்டுக் கழுவலாம். கண்ணுல பட்டாலோ மூச்சு வாங்கினாலோ டாக்டர்கிட்ட போகணும்.

பூரான்: கடிச்சா நல்லா வலிக்கும், வீங்கும். ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்களுக்கு உயிர் ஆபத்து அபூர்வம்.

தேள்: இங்கேயும் உருவம் நம்மை ஏமாத்தும். பெருசா, கறுப்பா, நண்டு மாதிரி தடிச்ச கொடுக்கோட இருக்கிற நட்டுவாக்காலியைப் பார்த்துத்தான் அலறுவோம். ஆனா ஆபத்தானது சின்னதா, செம்பழுப்பா, மெல்லிசு கொடுக்கோட இருக்கிற செந்தேள். அதோட அறிவியல் பேர் ஹோட்டன்டோட்டா டாமுலஸ். அந்த "டாமுலஸ்"ல நம்ம தமிழ்தான் இருக்கு. 1798ல ஃபாப்ரிசியஸ்ங்கிற விஞ்ஞானி வெச்ச பேர். இந்தத் தேள் கொட்டினா கடுமையான வலி, வேர்வை, வாந்தி, கை கால் ஜில்லுன்னு ஆகுறதுன்னு ஆரம்பிச்சு இதயம், நுரையீரல் வரைக்கும் போகலாம். குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. மகாராஷ்டிராவுல மஹாட்ங்கிற சின்ன ஊர்ல வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற பிரசோசின்ங்கிற மாத்திரையை இதுக்குக் கொடுத்து உயிர்களைக் காப்பாத்தலாம்னு 1980கள்ல காட்டினார். 2022ல பத்மஸ்ரீ கிடைச்சது.

பாம்பு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலும்தான் "பெரிய நாலு". 2020ல வெளிவந்த ஒரு ஆய்வுப்படி 2000லிருந்து 2019 வரை இந்தியாவுல பாம்புக்கடியால செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரியா 58,000. பெரும்பாலானவங்க கிராமத்துக்காரங்க. 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒண்ணா அறிவிச்சது. சரியான கணக்கு வந்தாத்தான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேணும்னு திட்டமிட முடியும்.

இந்த நாலுல மறைவு நம்பர் யாருக்கு அதிகம்? நல்லபாம்பு படம் எடுக்கும், சீறும். கண்ணாடி விரியன் குக்கர் விசில் மாதிரி சத்தம் போடும், ஆனா காஞ்ச சருகுல படுத்திருந்தா தெரியாது. கட்டுவிரியன்தான் மோசம். ராத்திரி வெளிய வரும். தரையில படுத்திருக்கிறவங்களைத் தூக்கத்துலயே கடிக்கும். பல்லு தடம் கொசுக்கடி மாதிரிகூட இருக்கலாம். வலி, வீக்கம் பெருசா இருக்காது. விடிகாலையில வயித்து வலி, கண் இமை தூக்க முடியாம சொருகுறது, பேச்சு குழறுறதுன்னு ஆரம்பிக்கும். "கேஸ் டிரபிள்"னு நினைச்சு சோடா குடிச்சுட்டுப் படுத்தா மூச்சு நின்னுபோகலாம்.

கண்ணுக்கே படாதவன்

இப்போ லிஸ்ட்ல யாருமே எழுதாத ஒருத்தன். புல், புதர்ல இருக்கிற ஒருவகைச் சிற்றுண்ணியோட குஞ்சு. ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு அளவுதான் இருக்கும். இது கடிச்சா வர்றதுதான் ஸ்க்ரப் டைபஸ். நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சல்னு சொல்வாங்க. தமிழ்நாட்டோட வட மாவட்டங்கள்ல மழைக்காலத்துலயும் அதுக்கு அடுத்த குளிர் மாசங்கள்லயும் டாக்டர்கள் வழக்கமா எதிர்பார்க்கிற காய்ச்சல் இது. புல்லு வெட்டுறவங்க, ஆடு மேய்க்கிறவங்க, தோட்ட வேலை பார்க்கிறவங்க எல்லாரும் இதுக்கு மாட்டுவாங்க.

கடிக்கும்போது தெரியாது. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. டெங்குவா டைஃபாய்டான்னு அலைய வைக்கும். ஒரே ஒரு துப்பு இருக்கு: கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்குன்னு மறைவான இடத்துலதான் பெரும்பாலும் இருக்கும். எல்லாருக்கும் வரும்னும் சொல்ல முடியாது. நேரத்தோட கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின்ங்கிற விலை குறைஞ்ச மாத்திரையிலயே சரியாகுற நோய். விட்டா நுரையீரல், மூளை, கிட்னின்னு பரவி உயிரையும் எடுக்கும்.

இந்த உண்ணிக்காக யாராவது அலறி நீங்க பார்த்திருக்கீங்களா? பார்க்க வாய்ப்பே இல்லை. அதுதான் மறைவு 10.

கணக்குப் போடுவோம்

கீழ இருக்கிற மார்க் எல்லாம் நான் போட்டது. எஃப்.எம்.இ.ஏ.ன்னாலே டீம் உட்கார்ந்து பேசிப் போடுற மார்க்தான். உங்க வீட்டுக்கு நீங்க மாத்திப் போட்டுக்கலாம். வரிசை: தீவிரம் × வாய்ப்பு × மறைவு.

மரவட்டை: 1 × 9 × 2 = 18
அரணை: 1 × 8 × 3 = 24
பச்சைப் பாம்பு: 2 × 3 × 5 = 30
கம்பளிப்பூச்சி: 3 × 8 × 3 = 72
பூரான்: 4 × 5 × 6 = 120
கண்ணாடி விரியன்: 10 × 3 × 8 = 240
செந்தேள்: 8 × 4 × 8 = 256
கட்டுவிரியன்: 10 × 3 × 10 = 300
உண்ணிக் காய்ச்சல்: 8 × 4 × 10 = 320

நாம அலறுற சத்தத்தை வெச்சு வரிசைப்படுத்தினா மரவட்டையும் அரணையும் மேல வந்திருக்கும். நம்பர் வேற சொல்லுது.

ஒரு எச்சரிக்கை. பெருக்கல் சில நேரம் ஏமாத்தும். தீவிரம் 10 இருந்தும் மத்த ரெண்டும் சின்னதா இருந்தா மொத்த நம்பர் சின்னதாத் தெரியும். அதனால தீவிரம் 9, 10 இருக்கிறதை ஆர்.பி.என். என்னவா இருந்தாலும் தனியா எடுத்துப் பார்க்கணும்னு இண்டஸ்ட்ரியில வழக்கம். 2019ல வந்த புது ஆட்டோமொபைல் கையேடு இந்தப் பெருக்கலையே விட்டுட்டு, ஆக்‌ஷன் பிரையாரிட்டின்னு வேற முறைக்குப் போயிடுச்சு. இன்டர்வியூல கேட்டா இதைச் சொல்லுங்க.

மல்லாட்டைக் கொல்லை சொல்லித் தர்ற பாடம்

மறைவு நம்பரை எப்படிக் குறைக்கிறதுன்னு நம்ம ஊர் விவசாயிங்களுக்கு நல்லாத் தெரியும். திண்டிவனத்துல தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.எம்.வி. 7ன்னு நிலக்கடலை ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிக்கிறதுதான்.

மானாவாரி மல்லாட்டைக்குப் பெரிய எதிரி சிவப்புக் கம்பளிப்புழு. புழு பெருசாகி கூட்டமா கிளம்பிட்டா, ஒரு கொல்லையை மொட்டையடிச்சுட்டு அடுத்த கொல்லைக்கு நடந்து போகும். அந்த நேரத்துல மருந்தடிச்சாலும் பெருசா பலன் இருக்காது. அதோட வாழ்க்கையில பெரும்பகுதி மண்ணுக்கு அடியில கூட்டுப்புழுவா போயிடும். அங்க அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா ஒரே ஒரு தடவை தானாவே வெளிய வந்து தன்னைக் காட்டிக்கும். முதல் பெரிய மழை பெஞ்சதும் அந்துப்பூச்சியா மண்ணை விட்டுக் கிளம்பும். விளக்கைப் பார்த்து வரும்.

அந்த ஒரு சந்தர்ப்பத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மொத்த முறையும். மழை பெஞ்ச உடனே விளக்குப் பொறி வை, இல்லைன்னா சொக்கப்பானை மாதிரி தீ மூட்டு. இலைக்கு அடியில கூட்டமா இருக்கிற முட்டையையும் குட்டிப் புழுவையும் இலையோட கிள்ளி அழி. கொல்லையைச் சுத்தி ஒரு அடி ஆழத்துக்குச் செங்குத்தா வாய்க்கால் வெட்டு, நடந்து வர்ற புழு அதுல விழும். கோடையில உழுதுவிடு, கூட்டுப்புழு மேல வந்து பறவைக்குச் சாப்பாடாகும். இதை ஒருத்தர் மட்டும் செஞ்சா போதாது, பக்கத்துக் கொல்லைக்காரரும் சேர்ந்து செய்யணும்.

கவனிச்சீங்களா? புழுவைப் பார்த்ததும் குச்சியால அடிக்கிறது இதுல எங்கேயும் இல்லை. எப்போ, எங்க அது கண்ணுக்குத் தெரியும்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அங்க போய்க் காத்திருக்கிறாங்க. சோலார் விளக்குப் பொறி மினி புராஜெக்ட் பண்றவங்க ஒண்ணு கவனிங்க: விடிய விடிய எரிய விடாதீங்க, நல்ல பூச்சியும் வந்து விழும். டைமர் வைங்க.

நம்பரைக் குறைக்கலாம்

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரே கேள்விதான். மூணு நம்பர்ல எதைக் குறைக்குது?

வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கின விறகு, செங்கல், உடைஞ்ச ஓடு: தேளுக்கும் பாம்புக்கும் அதுதான் ஹாஸ்டல். சுவரை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயரமா அடுக்கினா வாய்ப்பு குறையும்.

எலி: கோழித்தீவனம், நெல்லு, சிந்தின சோறு இருந்தா எலி வரும். எலி வந்தா பின்னாடியே பாம்பு வரும். இப்போ சாரைப்பாம்பை ஞாபகப்படுத்திக்கோங்க. பயத்துல அதை அடிச்சுக் கொன்னா, எலியைப் பிடிச்சுட்டு இருந்த ஒரு ஆள் குறைஞ்சுட்டான். எலி பெருகினா அதைத் தேடி விஷப்பாம்பும் வரலாம். அதாவது, பயந்து செஞ்ச வேலை ஆபத்தான பாம்போட வாய்ப்பு நம்பரை ஏத்தி விடுது.

டார்ச்: ராத்திரி தோட்டத்துக்கோ பாத்ரூமுக்கோ போறப்ப கண்டிப்பா. மொபைல் லைட்டும் ஓகே. மறைவு குறையும்.

யூ.வி. லைட்: ரூபாய் நோட்டு செக் பண்ற லைட் இருக்கே, அதே தத்துவம்தான். புற ஊதா வெளிச்சம் பட்டா தேளோட மேல்தோல் பச்சை நீலமா ஒளிரும். ராத்திரி இருட்டுல 365லிருந்து 395 நானோமீட்டர் வரைக்குமான யூ.வி. டார்ச் அடிச்சுப் பார்த்தா தூரத்துலயே தெரியும். செந்தேளோட மறைவு 8லிருந்து 3க்கு வந்தா ஆர்.பி.என். 256லிருந்து 96. ஒரு தேளைக்கூடக் கொல்லலை. லைட்டைக் கண்ணுக்கு நேரா அடிக்காதீங்க.

குச்சி, மம்மட்டி: சருகு, புதர், தொட்டி இடுக்குல முதல்ல போக வேண்டியது கை இல்லை. தட்டிச் சத்தம் பண்ணிட்டு அப்புறம் கை வைங்க. தடிச்ச கையுறை, முழங்கால் வரைக்கும் கம்பூட். ஷூ, ஹெல்மெட்டைத் தட்டிட்டுப் போடுங்க.

கட்டில், கொசுவலை: கொசுவலையை பாய்க்கு அடியில நல்லா சொருகினா கட்டுவிரியனோட வாய்ப்பு 3லிருந்து 1க்கு வரும். 300 நூறாகும். இவ்வளவு மலிவா உயிர் காக்கிற டிசைன் மாற்றம் வேற இருக்கான்னு தெரியலை.

குளியல்: புல்லு, களை பிடுங்கின நாள்ல முழுக்கை சட்டை போட்டுக்கோங்க, வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் குளிங்க, துணியை உடனே துவைக்கப் போடுங்க. புல்லு மேல துணி காயப்போடாதீங்க, அங்கேயே படுக்காதீங்க. அப்புறம் காய்ச்சல் வந்தா உடம்பு முழுக்க கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. டாக்டர் கேட்கலைன்னாலும் "தோட்ட வேலை பார்த்தேன்"னு நீங்களா சொல்லுங்க. அந்த ஒரு வரி மறைவை பாதியாக் குறைக்கும்.

இப்போ எந்த நம்பரையும் குறைக்காத விஷயங்கள். வாசல்ல சிறியாநங்கைச் செடி, பூண்டு கரைசல், ஃபினாயில், இதெல்லாம் பாம்பைத் தடுக்கும்னு நம்ப ஆதாரம் இல்லை. செடி அழகா இருந்தா வைங்க, ஆனா அதை நம்பி டார்ச்சை வீட்டுல வெச்சுட்டுப் போகாதீங்க. பார்த்த பூச்சிக்கெல்லாம் மருந்தடிக்கிறதும் அப்படித்தான். தேரை, சிலந்தி, பொறிவண்டுக்கெல்லாம் சாப்பாடு போயிடும், அதுங்களும் போயிடும். மாவுப்பூச்சியும் அசுவினியும் முதல்ல திரும்பி வரும்.

அப்படியும் கடிச்சுடுச்சுன்னா

தீவிரத்தைக் குறைக்கிறது ஒண்ணே ஒண்ணு: நேரம். பாம்பைத் தேடி அடிக்க நிக்காதீங்க. இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. மோதிரம், வளையல், கொலுசைக் கழட்டுங்க. கடிபட்ட கை காலை அசையாம வெச்சு, 108க்குப் போன் பண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போங்க. நம்ம பக்கம்னா திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கத்துல இருக்கிற விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மந்திரிக்கிற இடத்துல கழியுற ஒரு மணி நேரம் திரும்ப வராது.

அங்க எந்தப் பாம்புன்னு தெரியலைன்னாலும் பரவாயில்லை. இந்தியாவுல கொடுக்கிற விஷமுறிவு மருந்து பெரிய நாலுக்கும் சேர்த்துத் தயாரிச்சது. விரியன் விஷம் ரத்தத்துல ஏறியிருக்கான்னு பார்க்க ஒரு எளிமையான டெஸ்ட்: சுத்தமான கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ரத்தம், 20 நிமிஷம் அசைக்காம வெச்சு, சாய்ச்சுப் பார்க்கிறது. உறையலைன்னா விஷம் வேலை செய்யுது. மெஷினே தேவையில்லை.

அந்த மருந்துக்கு மூலப்பொருள் பாம்பு விஷம்தான். அதை எடுத்துக் கொடுக்கிறவங்கள்ல முக்கியமானவங்க இருளர்கள். ஈ.சி.ஆர்.ல வடநெம்மேலியில 1978லிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இயங்குது. பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்து, காட்டுலயே திரும்ப விட்டுடுவாங்க. 2023ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. விழுப்புரம் மாவட்டத்துலயும் இருளர் குடும்பங்கள் நிறைய. நாம ஒதுக்கி வெச்ச ஒரு சமூகத்துக்குத் தெரிஞ்ச விஷயம்தான் நம்ம ஐ.சி.யூ.ல உயிர் காக்குது. எது ஆபத்து, எது இல்லைன்னு பார்த்துப் பழகின அறிவு அது.

ஹோம் ஒர்க்

இந்த வாரக் கடைசியில வீட்டுக்குப் போறவங்க ஒரு ஏ4 பேப்பர் எடுங்க. உங்க தோட்டத்துல பார்த்தது, பார்க்காததுன்னு பத்து உயிரை எழுதுங்க. அம்மாவையோ ஆயாவையோ பக்கத்துல உட்கார வெச்சு மூணு மார்க்கும் போடுங்க. சண்டை வரும், வரட்டும். அரணைக்கு ஆயா 10 போட்டா, "ஆயா, நம்ம ஊர்ல அரணை கடிச்சு யாரு செத்தாங்க?"ன்னு மெதுவா கேளுங்க. அப்புறம் மேல வந்த மூணுக்கு மட்டும் ஒவ்வொரு நடவடிக்கை எழுதி, திரும்ப ஆர்.பி.என். போடுங்க. அட்டவணையை எடிட்டோரியல் டீமுக்கு அனுப்பினா அடுத்த இதழ்ல போடுறோம்.

டி.க்யூ.எம். எக்ஸாமுக்கும் இது உதவும். மறைவு நம்பர் ஏறினா நல்லதா கெட்டதான்னு இனிமே யாரும் குழம்ப மாட்டீங்க. கட்டுவிரியனை நினைச்சுக்கிட்டா போதும்.